முதல் பேரலில் போன வினாடி: ஒரு பேரல் ரேஸ் ஓட்டத்தின் நிகழ்வு ஆய்வு

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஊர்களுக்கு வினாடிக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தை பிறந்தால் எருது விடும் விழா. அவிழ்த்துவிட்ட காளை இலக்குக் கோட்டைத் தாண்ட எத்தனை வினாடி, எத்தனை பின்னம் என்று தெருவே காது கொடுத்துக் கேட்கும். அந்தக் கணக்கில் பழகிய கண்ணோடு, குதிரையில் பீப்பாய்களைச் சுற்றி ஓடும் பேரல் ரேஸைப் பார்த்தால் முதல் தடவை ஏமாந்துபோவோம். எருது நேராக ஓடுகிறது. வேகம் கூடினால் வினாடி குறையும். பேரல் ரேஸில் முதல் பேரலுக்குப் பறந்துபோய்ச் சேர்ந்த குதிரை கடைசியில் தாமதமாக வந்து நிற்கும். அது ஏன் என்பதைத்தான் ஒரே ஒரு ஓட்டத்தை வைத்துப் பிரித்துப் பார்க்கிறோம்.

இதில் வரும் குதிரை, சவாரி செய்யும் பெண், காட்பாடிக்கும் குடியாத்தத்துக்கும் இடையில் உள்ள செம்மண் மைதானம் மூன்றும் கணக்குக்காகச் சேர்த்துவைத்தவை. யாரோ ஒருவரின் கதை இல்லை. நேரங்களும் மாதிரி நேரங்கள்தான். தவறுகள் மட்டும் அசல். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த குதிரையை பேரலுக்குத் திருப்புகிற எந்த லாயத்திலும் இதே வரிசையில் வரும்.

ஆட்டம் என்ன என்பது சுருக்கமாக. மூன்று காலி இரும்புப் பீப்பாய்களை முக்கோணமாக வைக்க வேண்டும். குதிரை ஓடிவந்து கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும். வலப் பக்கத்துப் பேரலை வலமாகச் சுற்றி, இடப் பக்கத்துப் பேரலை இடமாகச் சுற்றி, முக்கோணத்தின் உச்சியில் இருக்கும் மூன்றாவதையும் இடமாகச் சுற்றி, நடுவே நேராக ஓடிவந்து அதே கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு வலத் திருப்பம், இரண்டு இடத் திருப்பம். இடப் பக்கத்திலிருந்து தொடங்கினால் ஒரு இடம், இரண்டு வலம்; குதிரைக்கு எந்தப் பக்கம் வாட்டமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். பேரல் விழுந்தால் ஒன்றுக்கு 5 வினாடி தண்டம். வரிசை மாறிச் சுற்றினால் அந்த ஓட்டத்துக்கு நேரமே கிடையாது. சாயப்போகும் பேரலைக் கையால் பிடித்து நிறுத்தலாம், அது குற்றமில்லை.

களத்தை அளப்பது

அமெரிக்காவில் இந்தப் போட்டிக்கு ஒழுங்கு கட்டிய பெண்கள் சங்கம் 1948-ல் டெக்சாஸின் சான் ஏஞ்சலோவில் தொடங்கியது. இன்றும் முழு அளவுக் களம் என்றால் உலகம் முழுக்க அடிக்கணக்குதான்: முதல் பேரலுக்கும் இரண்டாவதுக்கும் 90 அடி, அந்த இரண்டிலிருந்தும் மூன்றாவதுக்கு 105 அடி, முதல் இரண்டிலிருந்து நேரக் கோட்டுக்கு, அதாவது கடிகாரம் ஓடத் தொடங்கும் கோட்டுக்கு, 60 அடி. மீட்டரில் 27.43, 32.00, 18.29.

அளக்க இரண்டு பேர், 50 மீட்டர் டேப் ஒன்று, சுண்ணாம்புத் தூள், நாலு முளைக்குச்சி போதும். முதலில் 90 அடிக்கு இரண்டு முளை அடியுங்கள். ஒவ்வொரு முளையிலும் 105 அடிக் கயிறு கட்டி இழுத்தால் இரண்டும் சேரும் புள்ளி மூன்றாம் பேரல். சரிபார்க்க, 90 அடிக் கோட்டின் நடுவிலிருந்து மூன்றாம் பேரலுக்கு 94 அடி 10 அங்குலம் வர வேண்டும். நேரக் கோடு கோணலாகப் போவது வழக்கமான தவறு. முதல் முளைக்கு நேரே கோட்டில் வரும் புள்ளியிலிருந்து இரண்டாம் முளைக்குக் குறுக்காக அளந்தால் 108 அடி 2 அங்குலம் இருக்க வேண்டும். மறுபக்கமும் அதே அளவு. ஒரு பக்கம் அரை அடி கூடினாலும் கோடு சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

பக்கவாட்டில் 20 அடி, மூன்றாம் பேரலுக்குப் பின்னால் 30 அடி, கோட்டைத் தாண்டிய பிறகு நிற்க 60 அடி விட்டால் மொத்தம் 130 அடி அகலம், 245 அடி நீளம். கிட்டத்தட்ட 73 சென்ட். முக்கால் ஏக்கர் நிலம் உள்ளவர் முழு அளவுக் களம் போடலாம். நிலம் குறைவென்றால் மூன்று அளவையும் ஒரே விகிதத்தில் குறைக்க வேண்டும். நிற்கும் இடத்தைக் குறைத்துவிட்டு முக்கோணத்தை முழுசாக வைப்பது ஆபத்து.

பேரல் 200 லிட்டர் இரும்பு டிரம், இரண்டு பக்கமும் மூடியோடு. வீட்டில் தண்ணீர் பிடிக்கும் நீல பிளாஸ்டிக் டிரம் எடை குறைவு. காற்றுக்கே அசையும், ஓட்டத்தில் உரசினாலே விழும். அதை வைத்துப் பழகிய குதிரைக்கு இரும்பு டிரம்மின் சத்தம் புதிது. மண் நிரப்பி நிற்கவைக்கும் வேலையே வேண்டாம். இடித்தால் பேரல் விழ வேண்டும், முழங்கால் உடையக் கூடாது. மேல் விளிம்பில் பழைய சைக்கிள் டயரைக் கிழித்துச் சுற்றினால் கணுக்காலுக்கு நல்லது. நம் பக்கத்துக்கென்று ஓர் எச்சரிக்கை: தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து மலிவாக வரும் ரசாயன டிரம்மை எவ்வளவு கழுவினாலும் களத்தில் வைக்காதீர்கள். எண்ணெய் டிரம்மே போதும்.

தரைதான் பாதி ஆட்டம். அடியில் கெட்டி, மேலே 3 முதல் 4 அங்குலம் பொலபொலவென்ற மண். ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்தினால் அந்த ஆழத்தில் தட்டி நிற்க வேண்டும். சித்திரையில் செம்மண் செங்கல் மாதிரி இறுகிவிடும். அதன்மேல் வேகமாகத் திருப்பினால் குதிரை சறுக்கும், குளம்பும் மூட்டும் அதிர்ச்சியை அப்படியே வாங்கும். பாலாற்று மணலைக் கொட்டி ஆழமாக்கினால் வேறு வம்பு: கால் புதைந்து பின்னங்கால் நரம்பு இழுத்துக்கொள்ளும். முந்தின நாள் மாலை டேங்கர் தண்ணீர் விட்டு, காலையில் டிராக்டரில் கல்டிவேட்டரை மேலாக ஓட்டி, பரம்படித்துவிட்டால் சரியாக இருக்கும். ஐந்தாறு ஓட்டத்துக்கு ஒருமுறை பேரலைச் சுற்றி மறுபடி பரம்படிக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் குதிரையும் ஒரே இடத்தில் கால் ஊன்றி ஊன்றி ஒரு வாய்க்கால் விழும். பத்தாவதாக ஓடும் குதிரையின் நேரம் குறைவதும் கூடுவதும் அந்த வாய்க்காலைப் பொறுத்தது. பேரலை நகர்த்திவிட்டுத் தேடாமல் இருக்க, அது நிற்கும் இடத்தில் ஒரு துணிப்பட்டையை மண்ணுக்கடியில் பாதி புதைத்துவைப்பது நல்ல வழக்கம்.

குதிரையும் சாமானும்

இந்த ஆட்டத்துக்கென்றே அமைந்தது அமெரிக்கக் குவார்ட்டர் குதிரை: உயரம் குறைவு, பின்தொடை கனம், குறுந்தூரத்தில் வெடித்துக் கிளம்பும். நமக்குக் கிடைப்பது வேறு. சென்னையிலோ பெங்களூரிலோ பந்தயம் ஓடி ஓய்ந்த தரோபிரெட், அல்லது ஆடியில் அந்தியூர் சந்தையில் பிடித்த கத்தியவாரி, மார்வாரிக் கலப்பு. கலப்புக் குதிரை குட்டையாக இருந்தால் பேரலைச் சுற்ற வாட்டம். தரோபிரெட்டுக்கு நேரான ஓட்டம் பலம், திருப்பம் பலவீனம்.

நம் மாதிரி ஓட்டத்துக்கு ஒன்பது வயது தரோபிரெட் பெட்டைக் குதிரை. சவாரி செய்பவர் 19 வயதுக் கல்லூரி மாணவி. இரண்டு வருடம் சவாரி பழகியவர், பேரலுக்குப் புதிது. சேணம் கான்பூர்த் தயாரிப்பு, சாதாரண ஆங்கிலச் சேணம். பேரல் ரேஸ் சேணத்தில் முன்னால் பிடித்துக்கொள்ள உயரமான கொம்பு இருக்கும், இதில் இல்லை. இந்தச் சின்ன விஷயம் பிறகு பெரிதாக வரும்.

சேணம் பின்னால் வழுக்காமல் இருக்க மார்பின் குறுக்கே கட்டும் வார் கட்டாயம். வயிற்றுவாரை ஏறும் முன் ஒருமுறை, ஏறி ஐந்து நிமிடம் நடத்திய பின் ஒருமுறை இறுக்க வேண்டும். குதிரை முதலில் வயிற்றை உப்பிக்கொண்டு ஏமாற்றும். முன்கால்களுக்குக் காப்புறை, குதிகாலைப் பின்குளம்பு வெட்டாமல் இருக்க மணி வடிவ ரப்பர் உறை. தலைக்கவசம் இல்லாமல் யாரும் ஏறக் கூடாது. லகான் இரண்டு துண்டாக இல்லாமல் ஒரே வளையமாக இருந்தால் ஒரு கையில் பிடிக்கலாம், கை நழுவினாலும் காலில் சிக்காது. லாடத்துக்கு ஒரு வார்த்தை: நம் ஊரில் லாடம் அடிப்பவர்களில் பலர் மாட்டுக்கு அடித்துப் பழகியவர்கள். மாட்டு லாடம் பிளந்த குளம்புக்கு இரண்டு துண்டு. குதிரைக் குளம்பு சீவுவது வேறு வித்தை. ஐந்து அல்லது ஆறு வாரத்துக்கு ஒருமுறை குதிரை தெரிந்தவரை வரவழைப்பதே மேல்.

ஓட்டம்

தெரியாதவர் கண்ணுக்கு அது நல்ல ஓட்டம். குதிரை கோட்டைப் பாய்ந்து தாண்டியது, முதல் பேரலுக்கு அம்பு மாதிரி போனது. அங்கே கொஞ்சம் அகலமாகச் சுற்றியது. இரண்டாவதில் பேரல் விழுந்தது. மூன்றாவது பரவாயில்லை. கடைசியில் சவுக்கு வீசி ஓடிவந்தது. கடிகாரம் 20.6. தண்டம் சேர்த்து 25.6.

பார்ப்பவர் எல்லாரும் அந்த 5 வினாடியைத்தான் பேசுவார்கள். அதை ஒதுக்கிவையுங்கள். கோட்டுக்கு நேராக ஒரு செல்போன், பேரல் மூன்றும் தெரிகிற உயரத்தில் இன்னொன்று, இரண்டிலும் வினாடிக்கு 60 படம் என்று வைத்துப் பிடித்தால் ஒரு படம் 0.017 வினாடி. கைக்கடிகாரம் அமுக்கும் விரல் 0.1, 0.2 வினாடி பிசகும். படத்தை எண்ணினால் பிசகாது. எண்ணிப் பிரித்தால் இப்படி வரும். அடைப்புக்குள் இருப்பது, 17.3 வினாடியில் முடிக்கும் தேர்ந்த ஜோடிக்கு எங்கள் தோராயக் கணக்கு.

கோட்டிலிருந்து முதல் பேரல் வரை 2.7 (2.5)
முதல் திருப்பம் 3.1 (2.0)
முதலிலிருந்து இரண்டாவதுக்கு 2.6 (2.3)
இரண்டாம் திருப்பம் 2.4 (2.0)
இரண்டிலிருந்து மூன்றாவதுக்கு 3.0 (2.6)
மூன்றாம் திருப்பம் 2.5 (2.0)
வீடு திரும்பும் ஓட்டம் 4.3 (3.9)

மொத்தம் 3.3 வினாடி பின்னடைவு. அதில் மூன்றில் ஒரு பங்கு, 1.1 வினாடி, முதல் திருப்பத்தில் மட்டும். நேரான ஓட்டங்கள் நாலையும் கூட்டினால் 1.3. சவுக்கு வீசிய கடைசி ஓட்டத்தில் போனது வெறும் 0.4. இன்னும் பலமாக வீசியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பத்துக்கு ஏன் இவ்வளவு விலை? பேரலிலிருந்து பேரலுக்கு நேர்க்கோட்டில் கூட்டினால் தூரம் 425 அடி. மூன்று பேரலையும் சுற்றும்போது குதிரை மொத்தமாகத் திரும்பும் கோணம் 683 பாகை, அதாவது இரண்டு முழு வட்டத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்தாறு அடி ஆரத்தில் சுற்றினால் மொத்த ஓட்டம் 490 அடி, ஏறக்குறைய 150 மீட்டர். 17.3 வினாடி என்றால் சராசரி மணிக்கு 31 கிலோமீட்டர்தான். மோட்டார் சைக்கிள் வேகம்கூட இல்லை. திருப்பங்களில் அதில் பாதிக்கும் கீழே இறங்குவதால்தான் சராசரி அவ்வளவு தாழ்கிறது. ஒவ்வொரு திருப்பத்தையும் ஓர் அடி அகலமாகச் சுற்றினால் ஓட்டத்தில் 12 அடி கூடும். அகலமான வளைவில் கொஞ்சம் வேகமாகப் போகலாம் என்ற சலுகையைக் கழித்தபின்னும் அரை வினாடி நஷ்டம்.

இங்கே நடந்தது அகலம்கூட இல்லை. பேரலைத் தாண்டி நேராக ஒன்பது பத்து அடி போய்விட்டது. போன ஒன்பது, திரும்பிவர ஒன்பது; தடுமாறும் வேகத்தில் அந்த 18 அடியே ஒரு வினாடிக்கு மேல் விழுங்கிவிடும்.

தாண்டிப்போனதன் காரணம் திருப்பத்தில் இல்லை. கோட்டிலிருந்து முதல் பேரலுக்குக் குறுக்காக 75 அடி. முழு வேகத்தில் ஒரு தாவலுக்கு 6 மீட்டர் என்று வைத்தாலும் நாலே தாவல். குதிரை அதில் கடைசி இரண்டு தாவலில் பின்சப்பையைக் கீழே இறக்கி, தாவலைச் சுருக்கி, எடையைப் பின்னங்காலுக்கு வாங்கியிருக்க வேண்டும். அதைச் செய்யச் சொன்னவிதம்தான் தப்பு. அந்தப் பெண் இரண்டு கையாலும் லகானை இழுத்தார். பந்தயக் குதிரைக்கு வாயில் இரும்பு இறுகினால் அதன்மேல் சாய்ந்து ஓடத்தான் பழக்கம். இழுக்க இழுக்க ஓடும். லாயத்தில் இருப்பவர் இதை இரண்டே வரியில் சொல்லிவிடுவார்.

“இன்னா பாப்பா, இஸ்து புடிச்சா நிக்கும்னு நெனச்சியா? ரேஸ்ல ஓடினது. இஸ்தா ஓடும்.”

“அப்ப எப்டிண்ணா நிறுத்தறது?”

“ஒக்காரு. மூச்ச வுடு. கையி அப்பால.”

இழுத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. சேணத்தில் கொம்பு இல்லை. உடம்பு முன்னால் தள்ளும்போது பிடிக்க ஏதும் இல்லாமல் லகானையே கைப்பிடியாக ஆக்கிக்கொண்டார். குதிரையின் வாய் கைப்பிடி ஆனால் அங்கிருந்து போகும் எந்தச் சொல்லும் அதற்குப் புரியாது. கழுத்தைச் சுற்றி ஒரு தோல்வார் கட்டி, திருப்பத்தில் வெளிக் கை அதைப் பிடித்துக்கொள்ள வைத்தால் இந்தப் பாதி தீர்ந்துவிடும். அமெரிக்காவில் சார்மெய்ன் ஜேம்ஸ் 1984 முதல் 1993 வரை தொடர்ந்து பத்து ஆண்டு உலகப் பட்டம் வென்றது ஸ்கேம்பர் என்ற ஒரே குதிரையில். 1985 தேசிய இறுதிப் போட்டியில் ஓட்டத்தின் நடுவே அதன் தலையிலிருந்து கடிவாளம் கழன்றுவிட்டது. அப்படியே மீதி ஓட்டத்தையும் முடித்து அன்றைய சுற்றை வென்றது. திருப்பம் குதிரையின் உடம்பிலும் சவாரி செய்பவரின் இருக்கையிலும் இருந்தால் லகானுக்கு எவ்வளவு குறைந்த வேலை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இரண்டாம் பேரல் ஏன் விழுந்தது

பேரல் விழுந்தது இரண்டாவதில். தப்பு நடந்தது முதலாவதில். பேரலை நோக்கிப் போகும்போது குதிரை பேரலையே குறிவைக்கக் கூடாது. அதற்கு ஐந்தாறு அடி பக்கத்தில் ஒரு வெற்றிடத்தைக் குறிவைக்க வேண்டும். உள்ளே வரும்போது ஐந்தாறு அடி இடைவெளி, வெளியே போகும்போது மூன்றடி. இந்த வெற்றிடத்தைக் குதிரைக்காரர்கள் பாக்கெட் என்பார்கள். பாக்கெட் இல்லாமல் வந்தால் இரண்டே வழி: பேரலை இடிப்பது, அல்லது வெளியேறும்போது அகலமாகப் போவது.

முதல் பேரலைத் தாண்டிப்போன குதிரை, திரும்பி வெளியே வரும்போது கோட்டுப் பக்கமாக அகலமாக ஒதுங்கியது. அங்கிருந்து இரண்டாம் பேரலுக்கு வந்த பாதை குறுக்குச் சாய்வு. பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் பேரலே நின்றது. அது ஒன்று.

இரண்டாவது, கால் மாறவில்லை. கேன்டர் என்ற மிதமான ஓட்டத்திலும் கேலப் என்ற வேக ஓட்டத்திலும் குதிரை ஒரு முன்காலை மற்றதைவிட முன்னே நீட்டி ஊன்றும். இதை லீட் என்பார்கள். வலமாகத் திரும்ப வலக்கால் முன்னே, இடமாகத் திரும்ப இடக்கால் முன்னே. முதல் பேரலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே வலத்திலிருந்து இடத்துக்கு மாற வேண்டும். முழு ஓட்டத்தில் இந்த ஒரு இடத்தில்தான் மாற்றம். 90 அடியில் அதற்கு ஒன்று இரண்டு தாவல்தான் அவகாசம். வீடியோவில் பார்த்தால் முன்கால் மட்டும் மாறி, பின்கால் வலத்திலேயே நின்றுவிட்டது. முன்னால் ஒரு பாட்டு, பின்னால் ஒரு பாட்டு. அப்படிக் குறுக்காக வரும் குதிரை திருப்பத்தில் இடத் தோளைக் கீழே போட்டுச் சாயும்.

மூன்றாவது, நேரம் போச்சே என்ற பதற்றத்தில் அந்தப் பெண் முன்கூட்டியே மூக்கைத் திருப்பினார். திருப்பும்போது தானும் உள்பக்கம் சாய்ந்தார். சவாரி செய்பவரின் முழங்கால் பேரலுக்கு நேராக வரும்வரை குதிரையின் மூக்கைத் திருப்பக் கூடாது. கண் பேரலில் இருந்தால் உடம்பும் அங்கே போகும். கண் பேரலுக்கு அப்பால், அடுத்துப் போகவேண்டிய தரையில் இருக்க வேண்டும். தோள் விழுந்து, எடையும் அதே பக்கம் சாய்ந்தால் பேரல் விழாமல் என்ன செய்யும்?

12 வாரம்

முதல் மூன்று வாரம் களத்தில் ஓட்டமே கிடையாது. நடையில் முழுச் சுற்று, தினம் நாலைந்து தடவை, ஒவ்வொரு பேரலுக்கும் முன்னால் பத்தடியில் நிறுத்தி, இரண்டு அடி பின்னே எடுத்துவைத்து, பிறகு சுற்றுவது. நிறுத்தும் வரிசை மாறக் கூடாது: முதலில் சேணத்தில் ஆழமாக உட்காருவது, மூச்சை விடுவது, கடைசியில் மட்டும் விரலை மூடுவது. பத்து நாளில் மூச்சைக் கேட்டே குதிரை பின்சப்பையை இறக்கும். பந்தயக் குதிரைக்கு இது புது மொழி. அவசரப்பட்டு ஒரு நாள் இழுத்து நிறுத்தினால் ஒரு வாரப் பாடம் போச்சு.

பேரல் இல்லாத இடத்தில் வட்டம். நடுவே ஒரு கோன் வைத்து 30 அடி அகல வட்டத்திலிருந்து 12 அடிக்குச் சுருக்கி மறுபடி விரிப்பது. உள் கால் குதிரையின் விலாவில் ஒட்டியிருக்கும், வெளிக் கால் சற்றுப் பின்னே. விலா வளைய வேண்டும், தோள் நிமிர்ந்தே இருக்க வேண்டும். கழுத்து மட்டும் வளைந்து உடம்பு நேராக இருந்தால் அது வட்டமே இல்லை, ஏமாற்று.

நாலாம் வாரத்திலிருந்து ட்ராட் என்ற துள்ளு நடையில் முழுச் சுற்று. ஆறாம் வாரம் கேன்டர், முதலில் நேர்க்கோட்டில் கால் மாற்றம்: எட்டு வடிவத்தில் ஓட்டி, நடுவே ட்ராட்டுக்கு இறக்கி, புதுக் காலில் ஏற்றுவது. பின்கால் முதலில் மாறுகிறதா என்று தரையிலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மேலே இருப்பவருக்கு ஆரம்பத்தில் தெரியாது. இரண்டு கையில் பேரல் வரை, பாக்கெட்டில் நுழைந்ததும் உள்பக்கக் கை மட்டும் லகானில், வெளிக் கை கழுத்து வாரில். எடை வெளி அங்கவடியில்.

முழு வேக ஓட்டம் பத்தாம் வாரத்துக்கு முன் வேண்டாம். அதன்பின்னும் வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. தினம் ஓட்டினால் குதிரை வாசலிலேயே வியர்த்து, முன்காலைத் தூக்கி, களத்துக்குள் வர மறுக்கும். இதைச் சேட்டை என்று அடிப்பவர்கள் உண்டு. பாதி நேரம் அது முதுகுவலி அல்லது பின்முழங்கால் வலி. முதலில் கால்நடை மருத்துவர், அப்புறம் சேணத்தின் அடிப்பஞ்சு, அதற்கும் பின்தான் குணம்.

வெயில்

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஆனாலும் ஒரு கணக்கு மட்டும். குதிரைக்காரர்கள் ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். 130-க்குள் கவலை இல்லை. 150-ஐத் தாண்டினால் குதிரை தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளத் திணறும். 180-ல் வேலை வாங்கவே கூடாது. கத்திரி வெயிலில் பகல் 104 டிகிரி, ஈரப்பதம் 50 என்றால் 154. குளிர்ச்சியாகத் தோன்றும் அதிகாலை 82 டிகிரி, ஈரப்பதம் 75 என்றாலும் 157. காலையில்தானே ஓட்டுகிறோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. காலையில் மிச்சமாவது வெயில்படாத தோலும் சூடேறாத தரையும்தான்.

ஓட்டம் முடிந்ததும் கட்டிப்போடாமல் நடத்துங்கள். உடம்பு முழுக்க விடாமல் தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய தண்ணீர் சூடாகி வழிந்தால் வழித்தெடுத்து மறுபடி ஊற்றுங்கள். ஓய்வில் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்கும். ஓட்டம் முடிந்து 15 நிமிடத்தில் 60-க்குக் கீழே வரவில்லை என்றால் அன்றைய வேலை முடிந்தது. உடம்பு கொதித்தும் தோல் காய்ந்தே இருந்தால், வியர்வை வரவில்லை என்றால், உடனே மருத்துவர். தண்ணீர் கேட்கிற அளவு கொடுக்கலாம், கூடவே உப்புக்கட்டி. தனுர்வாதத் தடுப்பூசியை வருடந்தோறும் தவறவிடாதீர்கள். லாட ஆணியும் துருப்பிடித்த டிரம்மும் உள்ள இடம் இது.

எந்த நேரம் போட்டி நேரம்

முழு அளவுக் களத்தில் 17 சொச்சம் வெற்றி நேரம். 17-க்குக் கீழே போவது அபூர்வம். 18 சொச்சம் உள்ளூர்ப் போட்டியில் மரியாதையான நேரம். 20-க்கு மேல் என்றால் இன்னும் கற்கும் ஜோடி. இணையத்தில் 13 வினாடி ஓட்டங்களைப் பார்த்துவிட்டு மனம் தளர்பவர்கள் உண்டு. அது லாஸ் வேகஸ் தேசிய இறுதிப் போட்டி. உள்ளரங்கம், சின்ன முக்கோணம். ஹெய்லி கின்செல் 2017-ல் அங்கே ஓடிய 13.11-ஐ முழு அளவுக் களத்து 17.3-ஓடு வைத்துப் பார்ப்பது, கால் கிலோமீட்டர் தெருவில் ஓடிய காளையையும் 100 மீட்டரில் ஓடிய காளையையும் ஒரே பலகையில் எழுதுவது மாதிரி. களத்தின் அளவு சொல்லாத வினாடிக்கு அர்த்தம் இல்லை. மேல்மட்டத்தில் வெற்றியைத் தீர்மானிப்பது 0.01, கடைசி ஓட்டத்து வேகத்தில் அது 12, 13 சென்டிமீட்டர், அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட.

எல்லா மட்டத்தாரும் ஒரே களத்தில் ஓட ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அன்றைய சிறந்த நேரம் முதல் பிரிவு. அதிலிருந்து அரை வினாடி தள்ளி இரண்டாம் பிரிவு தொடங்கும், ஒரு வினாடி தள்ளி மூன்றாவது, நாலாவது அமைப்பாளர் முடிவுப்படி ஒன்றரை அல்லது இரண்டு வினாடி தள்ளி. ஒவ்வொரு பிரிவிலும் முதலில் வருபவருக்குப் பரிசு. முதல் நேரம் 17.3 என்றால் 17.8, 18.3, பிறகு 18.8 அல்லது 19.3. நம் பக்கத்தில் ஐந்தாறு லாயங்கள் சேர்ந்து போட்டி வைத்தால் இப்படி வைப்பதே சரி. இல்லாவிட்டால் நல்ல குதிரை உள்ள ஒருவரே எல்லாக் குடத்தையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு போவார்.

நம் ஜோடி 12 வாரம் கழித்து ஓடினால் எதிர்பார்க்கக்கூடிய பிரிப்பு: முதல் பேரல் வரை 2.8, திருப்பம் 2.3, அடுத்த ஓட்டம் 2.4, திருப்பம் 2.2, ஓட்டம் 2.8, திருப்பம் 2.3, வீடு 4.2. மொத்தம் 19.0, பேரல் மூன்றும் நின்றபடி. நாலாம் பிரிவு இரண்டு வினாடி தள்ளித் தொடங்கினால் இது மூன்றாம் பிரிவு. ஒன்றரை என்றால் நாலாம் பிரிவின் முகப்பு. முதல் பேரலுக்குப் போகும் நேரம் முன்பைவிட 0.1 கூடியிருப்பதைக் கவனியுங்கள். அந்த 0.1-ஐக் கொடுத்துத்தான் திருப்பத்தில் 0.8 வாங்கியிருக்கிறது.

மூன்றாம் திருப்பம் இன்னும் 2.3-ல் நிற்பது வேறு கதை. மூன்றாவதை நெருங்கும்போதே குதிரைக்கு வீட்டு வாசல் ஞாபகம் வந்துவிடுகிறது. பேரலின் பின்பக்கத்தை முடிக்கும் முன் நேராகக் கிளம்பப் பார்க்கிறது. இதற்குப் பழக்கத்தில் வாரம் இரண்டு நாள் மூன்றாம் பேரலை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, வீட்டுப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்க வேலிக்கு நடத்திக்கொண்டு போய் நிறுத்தி, அங்கேயே இறங்கி, வயிற்றுவாரைத் தளர்த்திவிட வேண்டும்.